ஒரே உடம்பு, இரண்டு அட்டவணை

ஜனவரியில் சென்னை மாரத்தான். 42.195 கிலோமீட்டர் ஓடுவதற்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருப்பவர் செப்டம்பர் பிறந்ததுமே பயிற்சியைத் தொடங்கியாக வேண்டும். ஆனால், அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது காலை 5 மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. அப்படி வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் நாள்களில்தான், ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், கூடத்தில் ஆறடி இடம் போதும் என்று அழைக்கும் அதிதீவிர வீட்டுப் பயிற்சிகள் ஓட்டக்காரர்களை இழுக்கின்றன. மழை விட்ட பிறகும் அதை விட மனம் வருவதில்லை. ஓட்டமும் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும், இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டுப் பயிற்சியில் மாரத்தான் ஓடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல சரக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை முழுசாக, அது விதிக்கும் அட்டவணைப்படியே, ஓட்ட அட்டவணையின் தலைமேல் தூக்கி வைத்தால் இரண்டுமே கெடும். அதை உடைத்து வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும். எடுத்ததற்கு ஈடாக வேறொன்றைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே சிக்கல் புரியும். அமெரிக்காவின் பீச்பாடி நிறுவனம் 2009-ல் வெளியிட்ட 'இன்சானிட்டி' இந்த வகைப் பயிற்சிகளில் பேர்போனது. பயிற்சியாளர் ஷான் டி. 60 நாள் திட்டம், வாரத்துக்கு 6 நாள். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் போல ஆகும். நடுவில் ஒரு வாரம் கொஞ்சம் இளைப்பாறலாம். இரண்டாம் மாதத்தில் ஒரு மணி நேரத்தை எட்டிப்பிடிக்கும். வழக்கமான இன்டர்வல் பயிற்சியில் கொஞ்ச நேரம் வேகம், நிறைய நேரம் ஓய்வு என்றிருக்கும். இது தலைகீழ். சுமார் 3 நிமிடம் உயிரைக் கொடுத்துச் செய்துவிட்டு 30 விநாடி மூச்சு வாங்கலாம். குந்தி எழுந்து குதிப்பது, முழங்காலை மார்புக்குக் கொண்டுவந்து நின்ற இடத்திலேயே ஓடுவது, குந்தித் தண்டால் எடுத்து எழுந்து குதிக்கும் பர்பி எனப் பெரும்பாலும் கால் தரையை விட்டு எழும்பி, திரும்ப வந்து அடித்து இறங்கும் அசைவுகள். அதே நிறுவனத்தின் பி90எக்ஸ் இன்னும் நீளம், 90 நாள். மறுபக்கம், புதிதாக மாரத்தானுக்கு வருபவர்கள் பல நாடுகளில் பின்பற்றும், ஓட்டப் பயிற்சி எழுத்தாளர் ஹால் ஹிக்டனின் ஆரம்பநிலை அட்டவணை. 18 வாரத் திட்டம் அது. வாரத்தில் 4 நாள் ஓட்டம், 2 நாள் முழு ஓய்வு, ஒரு நாள் நீச்சல், சைக்கிள், நடை போன்ற மாற்றுப் பயிற்சி. வார இறுதி லாங் ரன் படிப்படியாக ஏறி 32 கிலோமீட்டரைத் தொடும். அந்த மாற்றுப் பயிற்சி நாளுக்குக்கூட, டென்னிஸ், கூடைப்பந்து போல சட்டென்று ஓடிச் சட்டென்று நிற்கும் ஆட்டங்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 10 அமர்வு வரும். 3 நாளாவது காலையிலும் மாலையிலும் உழைக்க வேண்டியிருக்கும். ஹிக்டன் கொடுத்த இரண்டு ஓய்வு நாளும் போய்விடும்.

எண்ணிக்கையை விடவும் மோசமானது கலவை. அமெரிக்காவில் பிறந்து நார்வேயில் ஆய்வு செய்யும் ஸ்டீபன் சைலர், துடுப்புப் படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் ஆகிய துறைகளின் முன்னணி வீரர்கள் உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தார். 10 அமர்வில் 8 அளவுக்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகம்தான். மீதி 2 மட்டுமே கடினம். மேலே சொன்ன கூட்டலில் என்ன ஆகிறது? 4 ஓட்டத்தில் ஒன்று வேகமானது என்று வைத்தாலும், 6 வீட்டு அமர்வும் கடினமானவை. ஆக 10-ல் 7 கடினம். முன்னணி வீரர்களின் விகிதம் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடுகிறது. 'அவர்கள் வாரத்துக்கு 150 கிலோமீட்டர் ஓடுபவர்கள், மெதுவாக ஓடாவிட்டால் தாங்க மாட்டார்கள், வாரம் 40 கிலோமீட்டர் ஓடும் நமக்கு அந்த விகிதம் எதற்கு' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்பெயினில் சாதாரண ஓட்டக்காரர்களை வைத்து 10 வாரம் நடத்திய ஆய்வில், பெரும்பகுதி மெதுவாக ஓடியவர்களும், நடுத்தரக் கடினத்தில் நிறைய ஓடியவர்களும் 10 கிலோமீட்டர் நேரத்தைக் குறைத்தார்கள். மெதுவாக ஓடிய அணி கொஞ்சம் கூடுதலாகவே குறைத்தது. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் மெதுவாக ஓடியதால் யாரும் எதையும் இழக்கவில்லை என்பது முக்கியம். சாதாரண ஓட்டக்காரருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. முன்னணி வீரர் பயிற்சி முடிந்ததும் படுத்துவிடலாம். இவர் ஒன்பது மணிக்கு அலுவலகம் போக வேண்டும், ராத்திரி பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டும். தேறிக்கொள்ள நேரம் குறைவாக உள்ளவருக்குத்தான் சிக்கனம் அதிகம் தேவை. உடம்பின் தேறும் சக்தி மாதச் சம்பளம் மாதிரி. எத்தனை இடத்தில் தவணை கட்ட ஒப்புக்கொண்டாலும் வருகிற தொகை ஒன்றுதான்.

இந்த மோதலை முதலில் முறையாக அளந்தவர் ராபர்ட் ஹிக்சன். எடை தூக்குவதில் ஆர்வம் உள்ளவர் அவர். செயின்ட் லூயிஸில் ஜான் ஹோலோஸி என்ற புகழ்பெற்ற உடலியல் ஆய்வாளரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவரோடு சேர்ந்து தினமும் ஓட ஆரம்பித்தபோது தன் தசை கரைவதைக் கவனித்தார். பின்னாளில் சொந்த ஆய்வகம் அமைந்ததும் அதையே ஆய்வுக்கு எடுத்தார். 1980-ல் வெளியான அந்த ஆய்வில் மூன்று அணிகள். ஒன்று எடைப் பயிற்சி மட்டும், வாரம் 5 நாள். இன்னொன்று ஓட்டமும் சைக்கிளும் மட்டும், வாரம் 6 நாள். மூன்றாவது அணி இரண்டையும் முழுசாகச் செய்தது. 10 வாரம். இரண்டையும் செய்த அணியின் பலம் ஆறேழு வாரம் வரை ஒழுங்காக ஏறியது. பிறகு நின்றது. 9, 10-வது வாரங்களில் இறங்கவே தொடங்கிவிட்டது. முதல் ஒன்றரை மாதம் எல்லாம் சரியாகப் போவதுபோல் தெரிவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'நான் ஐந்து வாரமாக இரண்டையும் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பவருக்கு இந்த ஆய்வின் வரைபடத்தைக் காட்டலாம்.

ஆனால் ஹிக்சனின் ஆய்வை முழுசாகப் படித்தவர் என் வாதத்தை அங்கேயே மடக்கலாம். அந்த மூன்றாவது அணி இழந்தது பலத்தைத்தான். தாக்குப்பிடிக்கும் திறன், அதாவது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவான வி.ஓ.2 மேக்ஸ், ஓட்டம் மட்டும் செய்த அணிக்கு எவ்வளவு ஏறியதோ அதே அளவு இவர்களுக்கும் ஏறியது. அப்படியானால் மாரத்தான் ஓடுபவருக்கு என்ன நஷ்டம்? பாடி பில்டர் கவலைப்படட்டும், நமக்கென்ன? இந்த ஆட்சேபத்துக்கு உள்ள பலத்தை மறுக்க முடியாது. 1988-ல் ஹிக்சனே இன்னும் ஒருபடி மேலே போனார். ஏற்கெனவே ஓட்டத்தில் தேறியவர்களுக்கு வாரம் 3 நாள் கனமான எடைப் பயிற்சி கொடுத்தபோது, 80 சதவீதக் கடினத்தில் அவர்களால் சைக்கிள் மிதிக்க முடிந்த நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 நிமிடமாக உயர்ந்தது. எடைப் பயிற்சி தாக்குப்பிடிக்கும் திறனைக் கெடுப்பதில்லை, கூட்டவே செய்கிறது என்று இதைப் படிக்கலாம். சரியாகவே படிக்கலாம். ஆனால் கூட்டியது எது என்று பார்க்க வேண்டும். கனமான எடை, குறைவான எண்ணிக்கை, ஒவ்வொரு செட்டுக்கும் இடையே நல்ல ஓய்வு, வாரம் 3 நாள். இன்சானிட்டி போன்ற திட்டங்களில் இவற்றில் எதுவுமே இல்லை.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வேர்த்து ஊற்றுகிறது, தொடை நடுங்குகிறது, மறுநாள் படி இறங்க முடியவில்லை. ஆகவே இது பலப் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு அசைவை 60 விநாடிக்கு 50 தடவை செய்ய முடிகிறது என்றால், அது தசைக்குக் கனமான சுமையே அல்ல. இதயத்துக்கும் நுரையீரலுக்கும்தான் அது சோதனை. ஓட்டக்காரர் வாரம் ஒருமுறை மைதானத்தில் 800 மீட்டர் இன்டர்வல் ஓடும்போது படுகிற அதே பாடு, வேறு உடையில். அதாவது, ஓட்டக்காரரிடம் இல்லாத பலத்தை இந்தத் திட்டம் கொடுப்பதில்லை. அவரிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் மூச்சுவாங்கும் உழைப்பை இரண்டு மடங்காக்குகிறது. நார்வேயில் நன்கு பயிற்சி பெற்ற 17 ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. அவர்களில் ஒரு பாதிக்கு 8 வாரம், வாரம் 3 நாள், தூக்கக்கூடிய உச்சத்துக்கு மிக அருகில் உள்ள எடையைத் தோளில் வைத்து அரை ஸ்குவாட், 4 தடவை வீதம் 4 செட் மட்டும். உடல் எடை ஏறவில்லை. ஆனால் ஒரே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் 5 சதவீதம் குறைந்தது. மாரத்தானில் 5 சதவீதச் சிக்கனம் சின்ன விஷயமில்லை.

அதைவிடவும் நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது பின்லாந்தின் லீனா பாவோலைனென் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு. 9 வாரம். ஒரு அணி தன் மொத்தப் பயிற்சி நேரத்தில் 32 சதவீதத்தை வெடிப்பான தாவல்களுக்கும் குறுகிய வேக ஓட்டங்களுக்கும் ஒதுக்கியது. மற்ற அணி 3 சதவீதம் மட்டுமே ஒதுக்கியது. முதல் அணியின் 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. வி.ஓ.2 மேக்ஸ் ஏறாமலேயே குறைந்தது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர், ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு அணிக்கும் மொத்தப் பயிற்சி அளவு ஒன்றேதான். தாவல் கூடிய அளவுக்கு ஓட்டம் குறைக்கப்பட்டது. கூட்டிக் கிடைத்த முன்னேற்றமல்ல, மாற்றிக் கிடைத்தது. 'பார்த்தீர்களா, அதிலும் தாவல்கள்தானே, இன்சானிட்டியிலும் தாவல்கள்தானே' என்று கேட்பவருக்கும் பதில் அதே ஆய்வில் இருக்கிறது. அங்கே தாவல்கள் குறைவான எண்ணிக்கையில், முழு வேகத்தில், களைப்பு வருமுன் நிறுத்தப்படுபவை. தரையைத் தொட்ட கால் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்பதே அதன் பாடம். மூச்சு முட்டி, வடிவம் குலைந்து, தொப்பென்று விழுந்து எழும் நாற்பதாவது தாவலில் கால் கற்றுக்கொள்வது அந்தப் பாடத்துக்கு நேர் எதிரானது. பர்பியின் கதையும் இங்கே பொருந்தும். ராயல் பர்பி என்ற அமெரிக்கர் 1930-களில் அதை உருவாக்கியது உடற்தகுதியை அளக்கும் சோதனையாக. 4 தடவை செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நாடித்துடிப்பைப் பார்த்தார். அதில் தண்டாலும் கிடையாது, குதியும் கிடையாது. அளக்க வந்த கருவியை நாம் நூறு தடவை செய்யும் தண்டனையாக ஆக்கியிருக்கிறோம்.

எலும்பின் கணக்கு இன்னும் கண்டிப்பானது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. உயரக் குதித்து இறங்கும்போது அது இன்னும் ஏறும். அதிலும் நம் வீடுகளில் இந்தப் பயிற்சி நடக்கும் இடம், கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் தரை. பெரும்பாலும் வெறுங்காலில். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்வார் என்று விடியற்காலையில் முன்பாதத்தில் மட்டும் இறங்கப் பழகுபவர்கள் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் இன்னும் பாரம் ஏற்றுகிறார்கள். புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைவது சில வாரத்தில் நடந்துவிடும். கட்டி முடிய மாதங்கள் ஆகும். அந்த இடைப்பட்ட காலத்தில் எலும்பு வழக்கத்தைவிட பலவீனமாக இருக்கும். 1855-லேயே பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவுசெய்தார். அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. மாரத்தான் அட்டவணையில் மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குவது பலரின் வழக்கம். எலும்புக்கு அவகாசம் கொடுப்பதும் அதன் பயன்களில் ஒன்று. அந்த இறக்கும் வாரத்தில்கூட 6 நாள் குதித்துக்கொண்டிருந்தால், எலும்புக்கு அது ஏற்றும் வாரமே. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு நெடுக லேசாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் சவ்வும் சார்ந்தது. ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலி எடுத்து, ராத்திரியிலும் விடாமல் இருந்தால் ஓட்டத்தையும் குதியையும் அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் எதிராக வைக்கப்படும் பெரிய துருப்புச்சீட்டு ஜப்பானிலிருந்து வருகிறது. இசுமி தபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு என ஏழெட்டுத் தடவை, வாரம் 5 நாள், 6 வாரம் செய்தவர்களின் வி.ஓ.2 மேக்ஸ், மிதமாக ஒரு மணி நேரம் மிதித்தவர்களுக்கு ஏறியதைவிடக் குறையாமல் ஏறியது. நான்கு நிமிடத்தில் ஒரு மணி நேரத்துப் பலன் என்றால் எதற்கு இத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அது சைக்கிள் கருவியில் நடந்தது, காலில் அடி விழாத பயிற்சி என்பதை விட்டுவிடுவோம். மாரத்தானை முடிவு செய்வது வி.ஓ.2 மேக்ஸ் மட்டும் அல்ல என்பதுதான் விஷயம். 65 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 2,700 கலோரி செலவழிப்பார். தசையிலும் ஈரலிலும் அவர் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து அதற்குக் காணாது. மீதியைக் கொழுப்பிலிருந்து எடுக்க உடல் பழகியிருக்க வேண்டும். வழியில் சாப்பிடும் ஜெல்லையோ வாழைப்பழத்தையோ ஓடிக்கொண்டே செரிக்க வயிறு பழகியிருக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் தொடர்ந்து அடிவாங்கும் தொடைக்கும் பாதத்துக்கும் அந்த நீளம் பழக்கமாகியிருக்க வேண்டும். இவை இரண்டு, மூன்று மணி நேர மெதுவான லாங் ரன்னில்தான் வரும். முந்தின நாள் கூடத்தில் குதித்துத் தொடைவலியோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்புபவர் அந்த லாங் ரன்னைப் பாதியில் முடித்துக்கொள்வார், இல்லையென்றால் கோணல்நடையோடு முடிப்பார். தசைவலி உச்சத்துக்குப் போவது பயிற்சி முடிந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள். கால் பயிற்சிக்கு மறுநாள் அதே வேகத்தில் ஓட உடலுக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது என்பதை ஆய்வகங்களும் அளந்திருக்கின்றன.

இரண்டையும் செய்து மாரத்தானையும் முடித்தவர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். நிச்சயம் இருக்கிறார்கள். முன்பே பல வருடம் ஓடியவர், இருபதுகளில் இருப்பவர், நன்றாகத் தூங்குபவர் தாங்கிவிடலாம். ஆனால் முடிவுக்கோட்டில் பதக்கத்தோடு நிற்பவர்களை மட்டும் வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது. அதே முறையில் இறங்கி நவம்பரிலேயே குதிகால் வலியோடு நின்றுவிட்டவர் அந்தப் புகைப்படத்தில் இருக்க மாட்டார். எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான சான்றும் உண்டு. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 13 பேர் ஒரே வாரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். விடுமுறை முடிந்து வந்ததும் எடையோடு 100 ஸ்குவாட் செய்ததில், தசை சிதைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலந்திருந்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல, தேர்ந்த விளையாட்டு வீரர்கள். பழக்கமில்லாத கடினப் பயிற்சிக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், தசை வீங்கிக் கையோ காலோ மடங்க மறுத்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகத்தைக் காப்பாற்ற அந்த அவசரம் தேவை.

எடையைக் குறைப்பதற்காகத்தான் வீட்டுப் பயிற்சி என்று சொல்பவர்களிடம் பேசும்போது கவலை வேறு இடத்துக்குப் போகிறது. இரண்டு திட்டத்தையும் செய்துகொண்டு, இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. செலவுக்கு ஏற்றபடி சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடல் முதலில் கைவைப்பது கொழுப்பில் மட்டுமல்ல. ஹார்மோன், எலும்பு, நோய் எதிர்ப்பு, தூக்கம் எல்லாம் ஆட்டம் காணும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே இதை ஒரு தனி உடல்நலக் கோளாறாக வரையறுத்து எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் அதன் முதல் அடையாளம். 'பயிற்சி அதிகம், அதனால்தான்' என்று அதைச் சாதாரணமாக விடக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஓட்டம் இரும்புச்சத்தை இன்னும் கரைக்கும். ஆகவே மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் பெண் ஷூ வாங்குவதற்கு முன்பே ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுவது நல்லது. எடை குறைக்க வேண்டுமென்றால் அதற்கான காலம் மாரத்தான் பயிற்சிக்கு முந்தைய மாதங்கள். லாங் ரன் 25 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு அல்ல.

அடிபடாமல் இருக்கத்தானே பலப் பயிற்சி என்ற வாதம் பாக்கி. பொதுவாக அது உண்மை. 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டேனிஷ் ஆய்வாளர்கள், பலப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவருகிறது என்று கண்டார்கள். ஆனால் முதல்முறை மாரத்தான் ஓடுபவர்கள் விஷயத்தில் சான்று அவ்வளவு கறாராக இல்லை. நியூயார்க் மாரத்தானுக்குத் தயாரான 720 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரம், வாரம் 3 தடவை, 10 நிமிடப் பலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஓட முடியாமல் போகும் அளவுக்குக் காயம் இரு பக்கமும் ஏறக்குறைய 7 சதவீதம்தான். பத்து நிமிடம் போதவில்லை என்றும் சொல்லலாம், பலர் ஒழுங்காகச் செய்யவில்லை என்றும் சொல்லலாம். எப்படியானாலும், வீட்டுப் பயிற்சி ஒரு கவசம், அது இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. பலப் பயிற்சியை நான் சிபாரிசு செய்வது முதலில் ஓட்டச் சிக்கனத்துக்காக. காயம் குறைந்தால் அது கூடுதல் லாபம்.

சரி, என்ன செய்யலாம்? நம் ஊர்க் காலநிலை இதற்கு ஒரு நல்ல வழியைக் கொடுத்திருக்கிறது. மே மாதக் கத்திரி வெயிலில் காலை ஆறு மணிக்கே ஓட முடிவதில்லை. அந்த மே, ஜூன்தான் 60 நாள் வீட்டுத் திட்டத்துக்கு உரிய காலம். ஆசைப்பட்டவர் அதை அப்போது முழுசாகச் செய்யட்டும். கூடவே வாரம் இரண்டு சின்ன ஓட்டம் மட்டும் இருக்கட்டும். ஒரு வாரம் ஓய்வெடுத்து, ஜூலை, ஆகஸ்டில் மெதுவாகக் கிலோமீட்டரை ஏற்றிக்கொண்டு, செப்டம்பரில் 18 வார அட்டவணைக்குள் நுழையலாம். இரண்டையும் ஒரே காலத்தில் அடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், மோதலுக்கே இடமில்லை. செப்டம்பருக்குப் பிறகு வீட்டுத் திட்டத்திலிருந்து வாரம் இரண்டு அமர்வு, அரை மணி நேரம் வீதம் போதும். அந்த இரண்டையும் எந்த நாளில் வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓட்டம் இல்லாத நாளில் வைத்தால் ஓய்வு நாள் போய்விடும். வேக ஓட்டம் உள்ள நாளின் மாலையில், குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு வைத்தால், கடினமான நாள் கடினமாகவே முடியும், மெதுவான நாள் மெதுவாகவே இருக்கும். வாரத்தில் இரண்டாவது அமர்வை நடுத்தர ஓட்டம் உள்ள நாளில் வைக்கலாம். லாங் ரன்னுக்கு முந்தின இரண்டு நாள் காலுக்கு எதுவும் வேண்டாம்.

அந்த அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதில் கெண்டைக்காலுக்கே முதலிடம் கொடுப்பேன். ஓடும்போது அதன் உள்தசை தாங்கும் விசை உடல் எடையைப் போல 6 மடங்குக்கும் மேல். ஆனால் பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மாடிப்படி விளிம்பில் ஒற்றைக் காலின் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்கி, ஒரு கணம் நிறுத்தி, முழுசாக மேலே தூக்க வேண்டும். ஒரு தடவை முழங்காலை நேராக வைத்தும், அடுத்த முறை லேசாக மடக்கியும் செய்தால் உள்தசை, வெளித்தசை இரண்டும் வேலை செய்யும். கைப்பிடியை விரல் நுனியால் தொட்டுக்கொண்டால் போதும். 15 தடவை எளிதாக வந்துவிட்டால், 5 கிலோ அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பாரத்தைக் கூட்டுவதே ஓட்டக்காரருக்குப் பலன் தரும். அதற்கடுத்து நாற்காலியின் விளிம்பிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து உட்காருவது, பையைச் சுமந்தபடி பின்னால் கால் வைக்கும் லஞ்ச், இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், கடைசியாகப் பிளாங்க். தாவல் வேண்டுமானால் அமர்வின் தொடக்கத்தில், உடல் சூடானதும், ஷூ போட்டு, தடித்த விரிப்பின் மேல், மொத்தமே 20 தடவை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். இதில் வேர்த்து ஊற்றாது. அதனால் 'இது போதுமா' என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். போதும்.

மழை நாளுக்கு வருவோம். நான்கு நாள் ஓட முடியாமல் போனால் உழைத்ததெல்லாம் வீண் என்ற பதற்றத்தில்தான் பலர் மறுபடி இன்சானிட்டியைத் திறக்கிறார்கள். எட்வர்ட் காயில் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நன்கு தேறியவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது மூன்று வாரத்தில் குறைந்தது வி.ஓ.2 மேக்ஸில் 7 சதவீதம். நான்கு நாளில் எதுவும் கரைந்துவிடாது. தவறவிட்ட சின்ன ஓட்டத்துக்குப் பதிலாகக் குடியிருப்பின் மாடிப்படியில் 30 நிமிடம் ஏறலாம். இறங்கும்போது லிஃப்ட் இருந்தால் அதில் வரலாம், தொடை மிஞ்சும். ஆனால் லாங் ரன்னுக்கு வீட்டுக்குள் ஈடு இல்லை. அதை மழை விடும் நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் அட்டவணை சொல்லும் தூரத்தை ஓட வேண்டும், இரண்டையும் சேர்த்து அல்ல.

டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து தாவல்கள் முழுசாக நிற்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் டேப்பர், அதாவது பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் காலம். பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கின்படி, வேகத்தைக் குறைக்காமல் மொத்த அளவை மட்டும் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பதே நல்ல பலன் தருகிறது. கால் லேசாகி, கை பரபரக்கும் காலம் அது. வீட்டுத் திட்டத்தைத் தூசு தட்டி ஒரு அமர்வு பார்க்கலாமே என்று தோன்றும். அந்த ஒரு அமர்வின் தொடைவலி பந்தய நாள் வரை நீடிக்கலாம். மாரத்தான் முடிந்த மறுநாள் படி இறங்கவே சிரமமாக இருக்கும். வலி ஒரு வாரத்தில் போய்விட்டாலும், தசை உள்ளுக்குள் சீராக அதைவிட நாளாகும். முதல் வாரம் நடை, இரண்டாம் வாரம் நீச்சலோ சைக்கிளோ, மூன்றாம் வாரம் மெதுவான ஓட்டம். வீட்டுத் திட்டத்தின் முதல் நாள் பயிற்சியை பிப்ரவரி பாதிக்கு மேல் திரும்ப எடுக்கலாம்.